கதவு திறந்ததை அலாரத்துக்கு யார் சொல்வது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் காருக்கு அலாரம் மாட்டித் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வேலை சுருக்காக முடிந்துவிடுகிறது. ரிமோட்டை அழுத்தினால் இண்டிகேட்டர் மின்னுகிறது, சைரன் ஒரு குரல் கொடுக்கிறது, நாலு கதவும் பூட்டிக்கொள்கின்றன. வாங்கியவருக்குத் திருப்தி. பூட்டிய காரின் பின்கதவை ஒருவன் திறந்தால் இந்த அலாரத்துக்குத் தெரியவருமா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அலாரம் வாங்கியதே அதற்காகத்தான்.

பெட்டிக்குள் வரும் ஒயர்களில் முக்கால்வாசிக்குப் போக வேண்டிய இடம் எந்தக் காரிலும் ஒன்றுதான்: பேட்டரி பாசிட்டிவ், பாடி எர்த், இக்னிஷன், இண்டிகேட்டர், சைரன், சென்ட்ரல் லாக். கதவு ஒயருக்கு மட்டும் அந்த நிலைத்த இடம் கிடையாது. காருக்குக் கார் மாறும். ஒரே காரில் வருடத்துக்கு வருடம் மாறும். விலை குறைந்த மாடலுக்கும் உயர்ந்த மாடலுக்கும்கூட மாறும். கதவின் செய்தியை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு மெக்கானிக்குகள் கண்டுவைத்த வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் காருக்குப் பொருந்தியது; அடுத்த காலத்துக் காரில் தொல்லை கொடுத்தது. அந்த வழிகளையும் அவை எங்கே சறுக்குகின்றன என்பதையும் பார்ப்போம்.

அளவுகோல் ஒன்று முதலில் தேவை. வாகன அலாரங்களுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 97-ஆம் எண் விதிமுறை, எந்தக் கதவு திறந்தாலும், பானெட் திறந்தாலும், டிக்கி திறந்தாலும் அலாரம் அதை உணர்ந்து அறிவிக்க வேண்டும் என்கிறது. இதற்குக் குறைந்ததை முழு அலாரம் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் மாட்டப்படும் அலாரங்களில் பலவற்றில் பானெட்டுக்கான சுவிட்ச் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. கதவில்கூட டிரைவர் பக்கம் மட்டும் இணைத்து அனுப்பிவிடுவதுண்டு.

கதவு ஒயரே இல்லாமல் அலாரம் வேலை செய்வதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் ஷாக் சென்சார். அதிர்வைக் கண்டு கத்தும் சின்னப் பெட்டி அது. கண்ணாடியை உடைப்பவனைப் பிடிக்க அது வேண்டும். கண்ணாடி உடைவது கதவு சுவிட்சுக்குத் தெரியாது. ஆனால் அதையே நம்பியிருப்பவரின் கார் தெருவில் தண்ணீர் லாரி போனாலும் கத்தும், பக்கத்தில் புல்லட்டை உதைத்தாலும் கத்தும். தீபாவளி வந்தால் கேட்கவே வேண்டாம். அக்கம்பக்கத்தார் முணுமுணுத்ததும் உரிமையாளர் சென்சாரின் திருகைத் திருப்பிக் குறைத்துவிடுவார். அதற்குப் பிறகு, கள்ளச்சாவி போட்டு ஓசைப்படாமல் கதவைத் திறக்கிறவனுக்கு அந்தக் கார் திறந்த வீடுதான். கதவு சுவிட்ச் ஒன்றுதான் வதந்தி பேசாத சாட்சி: கதவு திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது.

மாருதி 800 போன்ற பழைய காரில் இந்தச் சாட்சியைக் கண்ணால் பார்க்கலாம். கதவைத் திறந்தால், தூணில் ரப்பர் குல்லாய் போட்ட ஒரு பித்தான் துருத்திக்கொண்டிருக்கும். கதவு மூடும்போது அது உள்ளே அமுங்கும். பின் சுவிட்ச் என்பார்கள். ஒற்றைத் திருகில் பாடியோடு பிடித்திருக்கும். பின்னால் ஒரே ஓர் ஒயர். எர்த் அந்தத் திருகு வழியாகவே கிடைத்துவிடுகிறது. மின்சாரத்தின் பாதை இப்படி: ஃபியூஸிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட் ரூம் லைட்டின் பல்புக்குப் போகிறது, பல்பின் மறுமுனை இந்தச் சுவிட்சுக்கு வருகிறது, கதவு திறந்தால் சுவிட்ச் அதைப் பாடியில் சேர்த்து எர்த் ஆக்குகிறது, பல்பு எரிகிறது. ஆக, கதவு மூடியிருக்கும்போது அந்த ஒயரில் பல்பின் இழை வழியாக வந்த 12 வோல்ட் நிற்கும். திறந்தால் பூஜ்யம். இதைத்தான் நெகட்டிவ் டிரிகர் என்கிறோம். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஜப்பானிய, கொரிய வழி வந்த கார்களில் பெரும்பாலானவை இந்த முறைதான்.

பழைய அமெரிக்க ஃபோர்டு வண்டிகள் பல இதற்கு நேர்மாறு. அங்கே சுவிட்ச் எர்த்துக்குப் பதிலாக 12 வோல்ட்டைக் கொடுக்கும். கதவு மூடியிருந்தால் பூஜ்யம், திறந்தால் 12. இது பாசிட்டிவ் டிரிகர். அதனால்தான் பல அலாரங்களில் கதவுக்கென்று இரண்டு ஒயர்கள் வருகின்றன. அமெரிக்காவின் வைப்பர் அலாரங்களில் பச்சை ஒயர் நெகட்டிவுக்கு, ஊதா ஒயர் பாசிட்டிவுக்கு. மற்ற நிறுவனங்களின் நிறங்கள் வேறு. இரண்டில் ஒன்றைத்தான் இணைக்க வேண்டும். மற்றதன் முனையை மூடிக் கட்டிவிட வேண்டும். மாற்றி இணைத்துவிட்டால் மூடிய கதவைத் திறந்தது என்றும் திறந்த கதவை மூடியது என்றும் அலாரம் எடுத்துக்கொள்ளும்.

முதல் வழி, சுவிட்சின் காலடியிலேயே ஒயரைத் தட்டுவது, அதாவது அதிலிருந்து அலாரத்துக்கு ஒரு கிளை எடுப்பது. இதைவிட நேர்மையான இடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தூணுக்கும் ஒயர் இழுக்க வேண்டும். கதவு வாசலின் அடிப்பட்டையான சில் பிளேட்டைக் கழற்ற வேண்டும். அவசரக் கடையில் அதற்குப் பொறுமை இருக்காது. கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒற்றைத் திருகுக்கு அடியில் துரு ஏறினால் எர்த் சரியாகக் கிடைக்காது. ரூம் லைட் மங்கலாகவோ விட்டுவிட்டோ எரியும். உரிமையாளர் பல்பு போய்விட்டது என்று நினைப்பார். அன்றிலிருந்து அந்தக் கதவு அலாரத்தின் கணக்கில் இல்லை. திருகைக் கழற்றி, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவிப் பூட்டினால் தீர்கிற வேலை இது. இதற்காகப் புது அலாரம் வாங்கியவர்களும் உண்டு.

விலை குறைந்த பழைய மாடல்கள் சிலவற்றில் பின்கதவுகளுக்குச் சுவிட்சே வைத்திருக்க மாட்டார்கள். அங்கே தட்டுவதற்கு ஒயர் ஏது? தூணில் துளை போட்டு புதுச் சுவிட்ச் வைக்க வேண்டும். துளையின் விளிம்பில் பெயிண்ட் தொட்டு வைக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும்.

இரண்டாவது வழிதான் மிகப் பரவலானது: எல்லாக் கதவுச் சுவிட்சுகளும் போய்ச் சேரும் ரூம் லைட் ஒயரில் ஓர் இடத்தில் தட்டிக்கொள்வது. ஒரே இணைப்பில் நாலு கதவும் கிடைத்துவிடும். எங்கே தட்டுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ரூம் லைட்டில் மூன்று நிலை உண்டு: எப்போதும் எரிவது, கதவு திறந்தால் எரிவது, அணைந்தே இருப்பது. இந்த மூன்றையும் மாற்றுகிற சுவிட்ச் விளக்கோடு கூரையில் இருக்கிறது. அதற்கும் பல்புக்கும் நடுவே தட்டினால் என்ன ஆகும்? விளக்கை அணைத்த நிலைக்குத் தள்ளிய கணமே கதவுகளுக்கும் அலாரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். எப்போதும் எரியும் நிலைக்குத் தள்ளினால், கதவு திறந்தே இருக்கிறது என்று அலாரம் நினைத்துக்கொள்ளும். குழந்தை பின்சீட்டில் விளையாடிக்கொண்டே விளக்கைத் தட்டிவிட்டால் அன்றிரவு காருக்குக் காவல் கிடையாது. அதே ஒயரைக் கதவுச் சுவிட்சுகள் பக்கம், டேஷ்போர்டுக்கு அடியிலோ தூணுக்கு உள்ளேயோ தட்டினால், விளக்கு அணைந்திருந்தாலும் அலாரத்துக்குச் செய்தி போய்ச் சேரும். நல்ல அலாரம் அந்த ஒயரை உள்ளிருந்தே உயர்ந்த வோல்டேஜில் பிடித்து வைத்திருப்பதால், பல்பே எரிந்துபோனாலும் பாதகமில்லை. ஒயர் ஒன்றுதான், இரண்டு முழத் தூரம் தள்ளித் தட்டியதில் அலாரத்தின் தலையெழுத்து மாறிவிடுகிறது.

சரியான ஒயரைக் கண்டுபிடிப்பதில் நிறத்தை நம்பக் கூடாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை நிரந்தர 12 வோல்ட்டிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் ஒயரிலும் வைக்க வேண்டும். கதவு திறந்ததும் மீட்டர் 12 காட்ட வேண்டும், மூடியதும் விழ வேண்டும். வேறெங்கும் இணையாமல் மிதக்கும் ஒயரிலும் இந்தச் சோதனை ஏமாற்றாது. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றுக்குச் சரியென்றால் நாலுக்கும் சரியென்று பொருளாகாது. பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அது இழுக்கும் மின்சாரம் இன்றைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. பக்கவாட்டு ஏர்பேக்குகளும் பெருகிவருகின்றன. அவற்றின் ஒயர்கள் இருக்கைக்கு அடியிலும் தூண்களிலும், அதாவது கதவு ஒயர் தேடிக் கை போகிற இடங்களிலேயே ஓடுகின்றன. மஞ்சள் கப்ளர் அல்லது மஞ்சள் உறை தெரிந்தால் அங்கே கை வைக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் டிரைவர் கதவு. சாவியை மறந்துவிட்டு இறங்கினால் எச்சரிக்க வேண்டும், ஆட்டோ லாக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பல கார்களில் டிரைவர் கதவின் ஒயரைத் தனியாகவும் மற்ற மூன்றை ஒன்றாகவும் கொண்டுவந்திருப்பார்கள். மூன்று கதவு ஒயரை மட்டும் இணைத்தவருக்கு டிரைவர் கதவு விட்டுப்போகும். இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்த்தால் காரே குழம்பிவிடும்: பின்கதவைத் திறந்தாலும் டிரைவர் கதவு திறந்திருப்பதாக மீட்டர் போர்டு காட்டும், சாவி எச்சரிக்கை காரணமில்லாமல் கூவும். இதற்கு மருந்து சில ரூபாய்க்குக் கிடைக்கும் டயோடு. 1என்4007 என்ற சாதாரண வகை போதும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பொருள் அது. நெகட்டிவ் டிரிகர் என்றால், டயோடின் கறுப்பு உடலில் உள்ள வெளிர்க் கோட்டு முனை கதவு ஒயரைப் பார்க்க வேண்டும். கோடில்லாத முனைகளை ஒன்றாகச் சேர்த்து அலாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாசிட்டிவ் டிரிகர் என்றால் திருப்பிப் போட வேண்டும். டயோடில் ஏறத்தாழ 0.7 வோல்ட் தங்கிவிடும். அலாரத்துக்கு அது பொருட்டில்லை. டயோடைத் திருப்பிப் போட்டவர்கள்தான் அலாரம் பெட்டியே கோளாறு என்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

கார் பாசிட்டிவ், அலாரம் நெகட்டிவ் மட்டுமே ஏற்கும் என்றால் ரிலே வைத்துத் திருப்பலாம். ரிலேயின் 86-ஐக் கதவு ஒயருக்கும், 85-ஐயும் 30-ஐயும் எர்த்துக்கும், 87-ஐ அலாரத்துக்கும் கொடுத்தால் போதும். ரிலேயின் சுருள் 150 மில்லியாம்பியர் அளவில் இழுக்கும் என்பதால், கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒயரில் இதைச் செய்யக் கூடாது.

கதவை மூடியதும் ரூம் லைட் சட்டென்று அணையாமல், சில விநாடிகள் எரிந்து மெல்ல மங்குவது இன்று சின்ன கார்களிலும் வந்துவிட்ட வசதி. ரூம் லைட் ஒயரை நம்பிய அலாரத்துக்கு இதுதான் முதல் அடி. விளக்கு எரிகிறவரை கதவு திறந்திருப்பதாகவே அது நினைக்கும். உரிமையாளர் இறங்கி ரிமோட்டை அழுத்தியதும், கதவு சரியாக மூடவில்லை என்று சைரன் கூடுதலாகக் குரல் கொடுக்கும். மலிவான அலாரம் என்றால் முப்பது விநாடியில் தானாகக் கத்தத் தொடங்கும். மங்குவதற்காக மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் போவதால், ஒரே கதவு பல முறை திறந்து மூடியதாகவும் சில அலாரங்கள் எண்ணிக்கொள்ளும். பூட்டிய பிறகு கதவுகளைக் கவனிக்கத் தொடங்கும் முன் காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொள்ளும் வசதி நல்ல அலாரங்களில் உண்டு. ஆனால் அந்த நேரம் முழுவதும் கதவுகளுக்குக் காவல் இருக்காது. விளக்கை விட்டுவிட்டுச் சுவிட்ச் பக்கம் போய்த் தட்டுவதுதான் சரியான தீர்வு. மெக்கானிக் காத்திருப்பு நேரத்தை நீட்டித்தரலாமா என்று கேட்டால், வேண்டாம், ஒயரை மாற்றுங்கள் என்று சொல்வதே நல்லது.

இன்றைய காரில் தூணில் பித்தானும் இருக்காது. கதவின் பூட்டுக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. அதன் ஒயர் நேராக பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற பெட்டிக்குப் போகிறது. மெக்கானிக்குகள் பிசிஎம் என்பார்கள். விளக்கை எப்போது எரிப்பது, எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அதன் முடிவு. கதவு ஒயரை அந்தப் பெட்டி தன் சொந்த மெல்லிய மின்சாரத்தால் கவனித்துக்கொண்டிருக்கிறது. அங்கே அலாரத்தின் ஒயரை நேராகச் சேர்த்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே ஒயரைப் பிடித்து இழுக்கும். டயோடு கட்டாயம். அதைத் தவறவிட்டால் வரும் நோய்களில் மோசமானது பேட்டரி இறங்குவது: கார் நின்ற பிறகு தூங்கப் போக வேண்டிய பிசிஎம், கதவில் ஏதோ அசைகிறது என்று விழித்துக்கொண்டே இருக்கும். நின்ற காரின் ஓய்வு மின்சாரம் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும். அது 300 ஆனால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போகும். சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் படுத்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்பியவர் பேட்டரி நிறுவனத்தைத் திட்டுவார். குற்றம் கதவு ஒயரில் இருக்கும்.

கடைசி வழி, ஒயரையே தட்டாமல் காரின் பேச்சைக் கேட்பது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையில், காரின் பெட்டிகள் எல்லாம் முறுக்கிய இரண்டே ஒயர்களில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 1991-இன் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் தொடங்கியது, இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இருக்கிறது. டிரைவர் கதவு திறந்தது, டிக்கி மூடியது என்பதெல்லாம் அதில் எண்களாக ஓடும். சாதாரண அலாரத்துக்கு அது புரியாது; மீட்டர் வைத்துப் பார்த்தால் 2.5 வோல்ட்டுக்கு அக்கம்பக்கம் ஏதோ காட்டும், அவ்வளவுதான். கனடாவின் ஃபார்ட்டின், ரஷ்யாவின் ஸ்டார்லைன், பண்டோரா போன்றவர்கள் இந்த மொழியைப் படிக்கும் பெட்டிகளையும் அலாரங்களையும் செய்கிறார்கள். எந்த மாடல், எந்த வருடம் என்று சொல்லி அதற்குரிய மென்பொருளை ஏற்றினால் நாலு கதவு, பானெட், டிக்கி அத்தனையும் இரண்டு ஒயரில் தனித்தனியாகக் கிடைத்துவிடும். வெட்டுக் குறைவு, வாரண்டித் தகராறும் குறைவு. இந்தியாவில் மட்டும் விற்கும் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இந்த வழியையும் முழுக்க நம்பிவிட முடியாது. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ரேவ்4 கார் திருடு போனது. முன்விளக்குப் பக்கத்து ஒயர்களை வெளியே இழுத்து, கேன் ஒயரில் போலிச் செய்தி அனுப்பும் கருவியை மாட்டிச் சாவியில்லாமலே காரைக் கொண்டுபோன முறையை அவரும் கென் டிண்டெல் என்ற மற்றொரு நிபுணரும் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். கம்பெனிச் சாவியின் செய்தியைக் கேனில் கேட்டுத் தானும் அடங்கிவிடும்படி அமைத்த அலாரம், அந்தப் போலிச் செய்திக்கும் அடங்கிவிடும். ஆகவே கதவுச் செய்தியைக் கேனில் எடுத்தாலும், அலாரத்தை அடக்குவது அதன் தனி ரிமோட்டால் மட்டுமே நடக்கட்டும். பானெட்டில் சொந்த ஒயரோடு ஒரு பின் சுவிட்ச் தனியாக இருக்கட்டும். பழைய காலத்துச் சுவிட்சுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

எந்த வழியானாலும் இணைப்பு நிலைக்க வேண்டும். பிளேடால் உறையைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது நம் பழக்கம். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை உருகி, ஆறே மாதத்தில் ஒயர் வெளியே தெரியும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பழைய ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டினால் கார் உள்ளவரை இருக்கும். இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

என் முடிவு இது. தூணில் பித்தான் உள்ள காருக்கு, சுவிட்ச் பக்கம் தட்டிய ரூம் லைட் ஒயர் போதும். பிசிஎம் உள்ள காருக்கு, ஒவ்வொரு கதவு ஒயரிலும் டயோடு வைத்து எடுங்கள். கேன் பெட்டி உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்த மூன்றும் தெரியாத கடையில் புதுக் காரைக் கொடுக்காதீர்கள்.

அலாரம் மாட்டியதும் கடை வாசலிலேயே இதைச் செய்து பாருங்கள். ஷாக் சென்சாரை முழுக்கக் குறைத்து, வேறு சென்சார் இருந்தால் நிறுத்திவையுங்கள்; இல்லாவிட்டால் அவை கத்துவதைக் கதவு கத்தியதாக நினைத்துவிடுவோம். பின்கதவின் சைல்டு லாக்கை எடுத்துவிடுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ரிமோட்டால் பூட்டி, ஒரு நிமிடம் பொறுங்கள். கையை உள்ளே விட்டு ஒரு கதவை மட்டும் திறங்கள். சைரன் உடனே கத்த வேண்டும். அணைத்து, மறுபடி பூட்டி, அடுத்த கதவு. டிக்கியையும் பானெட்டையும் அதற்குரிய இழுப்பானை இழுத்துத் திறந்து பாருங்கள். ரூம் லைட் சுவிட்சை அணைத்த நிலையில் வைத்து இன்னொரு சுற்று. எந்த ஒயரில், எந்த இடத்தில், என்ன நிறத்தில் இணைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி ஆர்சி நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்; நாளைக்குக் கோளாறு வந்தால் அடுத்த மெக்கானிக் டேஷ்போர்டைப் பிரித்துத் தேட வேண்டியிருக்காது. நாலு கதவும் டிக்கியும் பானெட்டும் குரல் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.